வணிகக் கட்டடத் தரகில் முதல் படிகள்

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு ஓராண்டாக வீட்டு வாடகைத் தரகு செய்து வருகிறேன். சென்னையில் அலுவலகக் கட்டடங்களுக்கு வாடகைதாரர் பிடித்துத் தரும் தொழிலுக்கு மாற விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கட்டாயமா?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: நகரம் முழுவதையும் கையில் எடுக்காதீர்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடி முதல் துரைப்பாக்கம் வரை உள்ள ஒவ்வொரு அலுவலகக் கட்டடத்துக்கும் நேரில் சென்று, எந்தத் தளத்தில் யார் இருக்கிறார்கள், எத்தனை கார் நிறுத்தலாம், ஜெனரேட்டர் எவ்வளவு சுமை தாங்கும், அவர்கள் எந்த ஆண்டு குடிவந்தார்கள் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இவற்றுள் கடைசி விவரமே உங்கள் முதலீடு. அலுவலகக் குத்தகைகளில் முதல் மூன்று ஆண்டுகளோ ஐந்து ஆண்டுகளோ வாடகைதாரர் காலி செய்ய முடியாத ‘லாக்-இன்’ காலமாக இருப்பது வழக்கம். அது முடிவதற்குப் பத்து மாதங்கள் முன்பே நீங்கள் போய்ப் பேசினால்தான், இடம் மாறுவதா, இருக்கும் இடத்திலேயே வாடகையைப் பேசிக் குறைப்பதா என்ற யோசனையில் உங்களையும் சேர்த்துக்கொள்வார்கள்.

அடுத்து, கணக்கு தெரிய வேண்டும். சதுர அடிக்கு 55 ரூபாய் கேட்கும் கட்டடத்தில் வாடகைக்குக் கணக்கிடும் பரப்பில் 60 சதவீதமும், 60 ரூபாய் கேட்கும் கட்டடத்தில் 70 சதவீதமும் கார்பெட் ஏரியா, அதாவது உள்ளே புழங்கக் கிடைக்கும் பரப்பு, என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் புழங்கும் ஒரு சதுர அடிக்கு முதலாவதில் ஏறக்குறைய 92 ரூபாயும், இரண்டாவதில் 86 ரூபாயும் ஆகும். குறைவாகத் தெரிந்ததே கூடுதல் செலவு என்பதை வாடகைதாரருக்குத் தாளில் போட்டுக் காட்டுங்கள், பி.காம். படித்த உங்களுக்கு இது கைவந்த வேலை.

கட்டடத்தின் குறையையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது, கோடையில் எத்தனை லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள் என்பதை மறைத்து ஒப்பந்தம் முடித்தால், அந்த நிறுவனம் அடுத்த கிளைக்கு உங்களைத் தேடி வராது.

ஓர் ஒப்பந்தம் முடியப் பல மாதங்கள் ஆகும் என்பதால், முதல் இரண்டு ஆண்டுகள் மாதச் சம்பளம் தரும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, அனுபவமுள்ள ஒருவருக்குக் கீழே வேலை கற்பது நல்லது.

ரெராவைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் விற்பனைக்கும் வாங்குவதற்கும் இடைநிற்கும் முகவருக்கே பதிவைக் கட்டாயமாக்குகிறது. வாடகைக்கு மட்டும் பிடித்துத் தருவது அதில் வராது. ஆனாலும் இன்று வாடகைக்கு வருபவர் நாளை ஒரு தளத்தையே விலைக்குக் கேட்கலாம் என்பதால், இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள்.