ஐம்பது வருடம் ஒரே கத்தரிக்கோல்

தொழிலில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரே பொருளைக் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா, புதிது வாங்க வசதி வந்த பின்னும் ஏன் மாற்றவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இலங்கையின் மலையகத்தில், பதுளையில் ஐம்பது வருடம் தையல் தொழில் செய்தவன். என்னிடம் இருப்பது பத்து அங்குல நீளமுள்ள, துணி வெட்டும் கத்தரிக்கோல். அலகில் ஷெஃபீல்டு என்ற ஊர்ப்பெயர் பொறித்திருக்கிறது. இப்போது நகத்தால் வருடினால்தான் அது தட்டுப்படும்.

1972ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், தேயிலைத் தோட்டத்திலிருந்து நடந்துவந்து கடைவீதியில் ஒரு தையற்கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். கத்தரிக்கோல் மாஸ்டருடையது. முதல் இரண்டு வருடம் எனக்குப் பொத்தான் வைப்பதும் கரி இஸ்திரிப் பெட்டியை ஊதுவதும்தான் வேலை. கத்தரியைத் தொட அனுமதி கிடையாது. "தம்பி, இது கடதாசி வெட்டாது, கைமாறாது, கடைவாசலைத் தாண்டாது" என்று மாஸ்டர் அடிக்கடி சொல்வார். கடதாசியில் கலந்திருக்கும் களிமண் துகள்கள் அலகின் கூர்மையை மழுக்கிவிடும் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. கைமாறக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. கத்தரி வெட்டும்போது பெருவிரல் ஓர் அலகைச் சற்றே வெளியே தள்ள, மற்ற விரல்கள் மறு அலகை உள்ளே இழுக்கின்றன. அந்த அழுத்தம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், பல கைகள் பிடித்த கத்தரியின் கூர் ஒரே சீராகத் தேயாது.

1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மலையகத்துக் குடும்பங்களை எப்படிப் பிரித்தது என்பது இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியா ஏற்பதென்று இரு அரசுகளும் கடதாசியில் எழுதிக்கொண்ட கணக்கில் மாஸ்டரும் ஒருவர். 1976இல் அவருக்குப் பயண நாள் குறிக்கப்பட்டது. தலைமன்னார் போய்க் கப்பல் ஏறுவதற்காகப் பதுளை ரயில் நிலையத்தில் கோச்சிக்குக் காத்திருந்தபோது, மெசின் எண்ணெய் ஊறிய துணியில் சுற்றிய கத்தரியை என் கையில் வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. மூன்று வருடத்தின் பின் நீலகிரியில், கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தையலை விட்டுவிட்டு அவரும் தேயிலைக் காட்டில்தான் நின்றிருக்கிறார். நலம் விசாரித்த கையோடு, "கத்தரி எண்ணெய் காண்கிறதா?" என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து அது என்னுடைய பொருள் என்று நான் நினைத்ததில்லை. என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்றே நினைத்துவருகிறேன்.

அவருடைய விதியொன்றை நான் மீறினேன். 1983 யூலை 23, சனிக்கிழமை மாலை, அக்கா மகளுக்குப் பாவாடை சட்டை வெட்ட வேண்டுமென்று கத்தரியை லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, எடுத்துப் போனேன். திங்கட்கிழமை, தமிழருக்கு எதிராகக் கலவரம் வெடித்ததாகக் கொழும்பிலிருந்து வந்த செய்தியால் கடை திறக்கவில்லை. புதன்கிழமை, 27ஆம் திகதி, பதுளைக் கடைவீதி எரிந்தது. பல நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, மெசின்களின் மரப்பலகைகள் சாம்பலாகி, வார்ப்பிரும்புக் கால்கள் மட்டும் கருகி நின்றன. சாம்பலைக் கிளறியபோது, எடுபிடிப் பையன்கள் பாவித்த சிறிய கத்தரி ஒன்று கிடைத்தது. துரு நீக்கிச் சாணை பிடித்துப் பார்த்தேன். நாலு முழத் துணிக்குள் மழுங்கிவிட்டது. தீயில் சிவந்து தானாக ஆறிய எஃகு தன் கடினத்தை இழந்துவிடும் என்றார் சாணைக்காரர். பெரிய கத்தரியும் அன்று கடையில் இருந்திருந்தால் அதற்கும் அதே கதிதான். விதியை மீறியதால்தான் அது பிழைத்தது என்பதை மாஸ்டருக்கு எழுத வேண்டுமென்று பல தடவை உட்கார்ந்திருக்கிறேன், முடியவில்லை. லயத்துத் திண்ணையில், இரவல் வாங்கிய ஒரு மெசினையும் இந்தக் கத்தரியையும் வைத்துக்கொண்டு தொழிலை மறுபடி தொடங்கினேன்.

பிறகு நடந்தவை எல்லாத் தையற்காரருக்கும் நடந்தவைதான்: தீபாவளி முற்பணம் கிடைத்ததும் தோட்டத்துச் சனங்கள் துணியோடு வந்து நிற்க, விடிய விடியத் தைத்த இரவுகள்; தொண்ணூறுகளில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி வந்தபின் வெள்ளைச் சட்டைகளால் நிறைந்த தை மாதங்கள்; கடைசியில் ஆயத்த ஆடைகள்.

கத்தரியைப் பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஐப்பசி தொடங்கினால் மார்கழி முடியும்வரை மழையும் மூடுபனியும் விடாது. ஓர் இரவு துடைக்காமல் வைத்தால் விடியும்போது திருகாணியைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துரு பூத்திருக்கும். ஆகவே கடை பூட்டும் முன் துடைத்து, திருகாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, துணியில் சுற்றி வைப்பேன். பெருவிரல் வளையத்தில் கறுப்புப் பூச்சு போய் இரும்பு பளபளக்கிறது. அதே இடத்துக்கு நேராக என் விரலடியில் காய்ப்பு இருக்கிறது. அந்த வளையத்தில் சுற்றியிருக்கும் காக்கி நாடாவை வருடந்தோறும் ஆயுத பூசையன்று மாற்றி, சந்தனப் பொட்டு வைப்பேன். அன்று ஒரு நாள் மட்டும் அது வெட்டாது. இந்த நாளாந்த வேலைகள்தான் உங்கள் கேள்விக்கு என் பதில் என்று நினைக்கிறேன். பழைய ஞாபகத்துக்காக மட்டும் வைத்திருந்திருந்தால் எப்போதோ பெட்டிக்குள் போய்த் துருப்பிடித்திருக்கும். தினமும் கவனித்ததனால்தான் அதை விட முடியாமல் போனது.

சாணை பிடித்துப் பிடித்து அலகின் அகலம் கால்வாசி குறைந்துவிட்டது. இனி ஒரு தடவைக்கு மேல் தாங்காது என்று சாணைக்காரரின் மகன் சொல்லியிருக்கிறார். பொலியெஸ்டர் துணி அலகின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடுவதால், இப்போது பருத்தித் துணிக்கு மட்டும் எடுக்கிறேன். வீட்டில் தையலில் ஆசையுள்ளவள் என் பேத்தி ஒருத்திதான், அவள் இடக்கைக்காரி. வலக்கைக்குச் செய்த கத்தரியை இடக்கையில் பிடித்தால் மேல் அலகு வெண்கட்டிக் கோட்டை மறைத்துவிடும், துணியும் மடிந்து அலகுகளுக்கிடையில் சிக்கும். இரண்டு வாரம் பழகிப் பார்த்துவிட்டு, "தாத்தா, கோடே தெரியுதில்ல" என்று திருப்பித் தந்தாள். சென்ற வருடம் அவளுக்கென்று ஓர் இடக்கைக் கத்தரியைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தேன். பழைய கத்தரியைச் சுற்றியிருந்த எண்ணெய்த் துணியில் பாதியைக் கிழித்து, அதில்தான் சுற்றிக் கொடுத்தேன்.