ரக்பியில் பயண தூரமும் ஓய்வு நாளும்: அட்டவணை யாருக்குச் சாதகம்?

சர்வதேச ரக்பித் தொடர்களில் பயணமும் அட்டவணையும் எல்லா அணிகளுக்கும் நியாயமாக அமைகின்றனவா என்பது கேள்வி. இல்லை என்பதே என் பதில். ஆனால் பலரும் சொல்வதுபோல் தூரத்தின் மீது பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கும் நடுவே இந்தியப் பெருங்கடல் கிடப்பதற்கு எந்த வாரியமும் பொறுப்பாகாது. அதை யார், எப்போது, எத்தனை நாள் ஓய்வுடன் கடக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

2012 சூப்பர் ரக்பித் தொடரை எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளுக்கும் தலா ஐந்து அணிகள். ஒவ்வொரு நாட்டுப் பிரிவிலும் முதலிடம் பிடித்த அணி, மொத்தப் புள்ளி எவ்வளவாக இருந்தாலும், முதல் மூன்று இடங்களுக்குள் வைக்கப்படும் என்பது விதி. இதனால் 58 புள்ளி எடுத்த பிரிஸ்பேனின் ரெட்ஸ் மூன்றாம் இடத்தில் அமர்ந்தது. 61 புள்ளி எடுத்த நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் அணியான குரூசேடர்ஸ் நான்காம் இடத்துக்கும், 59 புள்ளி எடுத்த ஷார்க்ஸ் ஆறாம் இடத்துக்கும் தள்ளப்பட்டன. நாக்அவுட் முதல் சுற்றில் மூன்றாம் இடத்து அணி ஆறாம் அணியையும், நான்காம் அணி ஐந்தாம் அணியையும் சொந்த மண்ணில் சந்திக்கும் என்பதால், டர்பனின் ஷார்க்ஸ் முதலில் பிரிஸ்பேனுக்குப் பறந்து ரெட்ஸை 30-17 என வென்றது. அடுத்த வாரம் கேப் டவுனுக்குத் திரும்பி ஸ்டார்மர்ஸை 26-19 என வீழ்த்தியது. அதற்கடுத்த வாரம் நியூசிலாந்தின் ஹாமில்டனில் இறுதிப் போட்டிக்கு நின்றது. எதிரில் நின்ற சீஃப்ஸ் அணி நாக்அவுட் ஆட்டங்கள் அனைத்தையும் அதே ஹாமில்டனில், தன் சொந்த மைதானத்திலேயே ஆடியது. முடிவு 37-6. சீஃப்ஸ் அந்த ஆண்டின் சிறந்த அணிகளில் ஒன்று என்பதை மறுக்கவில்லை. ஷார்க்ஸ் களைப்பில்லாமல் வந்திருந்தாலும் தோற்றிருக்கக்கூடும்.

ஆனால் புள்ளியை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் சுற்றில் குரூசேடர்ஸ் சொந்த மண்ணில் ரெட்ஸைச் சந்தித்திருக்கும்; சமமாக 59 புள்ளி பெற்றிருந்த புல்ஸும் ஷார்க்ஸும் புல்ஸின் ஊரான பிரிட்டோரியாவில் மோதியிருக்கும். அந்த வாரம் இந்தியப் பெருங்கடலைத் தாண்ட எந்த அணிக்கும் வேலையே இருந்திருக்காது. உண்மையிலோ, புல்ஸ் கிறைஸ்ட்சர்ச்சுக்கும் ஷார்க்ஸ் பிரிஸ்பேனுக்கும் பறந்தன. ஒவ்வொரு நாட்டுத் தொலைக்காட்சிக்கும் ஒரு நாக்அவுட் ஆட்டத்தை உறுதிசெய்ய எழுதப்பட்ட விதிக்கான விலையை வீரர்களின் உடல் கொடுத்தது என்பதே என் கணிப்பு.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் கடுமை உடனே புரியாது. நியூசிலாந்தில் குடியிருந்த காலத்தில், தென்னாப்பிரிக்காவில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தைப் பார்க்க ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கு எழுந்திருப்பேன். பாதி ஆட்டத்தில் கண் சொக்கும். அதே பத்து மணி நேர வித்தியாசத்தைத் தலைகீழாகச் சுமந்துகொண்டு, எண்பது நிமிடம் டேக்கிள் (எதிராளியைப் பிடித்து வீழ்த்துவது) செய்தும் செய்யப்பட்டும் தோளும் முழங்காலும் வீங்கிய நூற்றிருபது கிலோ முன்வரிசை வீரர் ஒருவர், பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக விமான இருக்கையில் மடங்கி உட்கார்ந்து வந்து, அடுத்த சனிக்கிழமை, இரு அணி முன்கள வீரர்களும் தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் தலை கொடுக்க வேண்டும். மேற்கு நோக்கிப் பறப்பதைவிடக் கிழக்கு நோக்கிப் பறக்கும்போது உடல் புதிய நேரத்துக்குப் பழகக் கூடுதல் நாட்கள் ஆகும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

உலகக் கோப்பையில் பிரச்சினை பயணத்தைவிட ஓய்வு நாட்களில்தான். 2015இல் ஜப்பான் பிரைட்டனில் தென்னாப்பிரிக்காவை 34-32 என வென்றது சனிக்கிழமை. புதன்கிழமையே குளோஸ்டரில் ஸ்காட்லாந்துடன் ஆட வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்துக்கு அது முதல் ஆட்டம். இடைவேளையில் 12-7 என்று நெருக்கமாக இருந்த ஆட்டம் 45-10 என்று முடிந்தது. பிரிவில் மூன்று வெற்றி பெற்றும் ஜப்பான் கால் இறுதிக்குப் போகவில்லை; உலகக் கோப்பையில் அப்படி வெளியேறிய முதல் அணி அதுதான். ஸ்காட்லாந்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கு நான்கு நாள்தான் கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஆனால் எதிரில் வந்தது அமெரிக்கா. அந்த அமெரிக்காவோ, நான்கு நாளில் ஜப்பானுடன் ஆட வேண்டியிருந்ததால் முக்கிய வீரர்களை உட்கார வைத்து, தென்னாப்பிரிக்காவிடம் 64-0 என்று தோற்றது. பிரிவுக்கு ஐந்து அணி இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி சும்மா இருக்கும். பெரிய அணிகளின் ஆட்டங்களுக்கு வார இறுதியை ஒதுக்கிவிட்டால் புதன்கிழமை யார் தலையில் விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2023இல் தொடரை ஒரு வாரம் நீட்டி, குறைந்தது ஐந்து நாள் ஓய்வை உறுதி செய்தார்கள். 2027இல் ஆஸ்திரேலியாவில் 24 அணிகள், பிரிவுக்கு நான்கு என்று அமைவதால் அந்தக் கோணல் கணக்கு பெருமளவு சரியாகும். சிறிய அணிகள் கேட்கத் தொடங்கி எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு என்பது வேறு விஷயம்.

தென்னாப்பிரிக்க அணிகள் இப்போது ஐரோப்பியத் தொடர்களில் ஆடுவதால் நேர வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனாலும் சிக்கல் தீரவில்லை. 2024 ஏப்ரல் 6 அன்று பிரிட்டோரியாவில் பிரான்ஸின் லியோன் அணியை வென்ற புல்ஸ், 13ஆம் தேதி இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் ஐரோப்பியக் கிளப்களுக்கான சாம்பியன்ஸ் கோப்பைக் கால் இறுதி ஆட வேண்டியிருந்தது. எதிரணி எது என்பதே ஞாயிறன்றுதான் முடிவானது. அதன் பிறகுதான் எங்கே போவது என்பதே உறுதியாகும். பயிற்சியாளர் ஜேக் வைட் முதல்தர வீரர்கள் பெரும்பாலோரை ஊரிலேயே விட்டுவிட்டார். 59-22 என்று தோல்வி. போட்டியை அவமதித்தார் என்று அவரைத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு அதில் தவறு தெரியவில்லை; அட்டவணை கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு அணி நகர வேண்டிய நாக்அவுட் சுற்றுகளுக்கு இடையில் இரண்டு வார இடைவெளி வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு வேண்டிய அந்தக் கூடுதல் வாரத்தை யாராவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். பிரான்ஸின் டாப் 14 லீக்கில் ஒவ்வோர் அணியும் 26 லீக் ஆட்டங்கள் ஆடுகிறது; அவற்றில் ஒன்றைக்கூடக் குறைக்க அங்குள்ள கிளப்கள் இதுவரை முன்வரவில்லை.