தேக்கு தமிழ்ச் சொல்லா, இல்லை 'டீக்' என்ற ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்ததா?

நம்ம சொல்லேதானுங்க. இங்கிருந்து போனதுதான் 'டீக்'.

மிளகு வாங்க மேற்குக் கரைக்கு வந்த போர்த்துகீசியர் மலையாளத்துத் தேக்கைத் 'தெக்கா' ஆக்கினார்கள். அவர்கள் வாயிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய் 'டீக்' ஆனது. கன்னடத்தில் தேக, தெலுங்கில் டேக்கு. எல்லாம் ஒரே வேர்தான்.

தாவரவியல் பெயர் 'டெக்டோனா கிராண்டிஸ்'. கிரேக்கத்தில் தச்சருக்கு 'டெக்டோன்' என்று பெயர். அதைப் பிடித்துக்கொண்டு தேக்கே கிரேக்கச் சொல் என்று சிலர் அடித்துவிடுகிறார்கள். அந்தத் தாவரப் பெயர் வைத்தது 18ஆம் நூற்றாண்டில். தேக்கின் அகன்ற இலை நம் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. அப்புறம் என்ன பேச்சு? தண்ணீரைத் தேக்குவதோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. ஒலி ஒன்றாக இருப்பதைத் தவிர அதற்கு வேறு பிடி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்க பொள்ளாச்சிப் பக்கம் ஆங்கிலம் ஒட்டிக்கொண்டது மரத்தின் மேல் அல்ல, மலையின் மேல். ஆனைமலையில் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் கட்ட வெட்டிய தேக்கை உச்சியிலிருந்து சரித்து விட்ட இடம்தான் டாப்ஸ்லிப். வெட்டி வெட்டி மொட்டையாகிப் போன காட்டை, அடிக்கட்டையை விட்டு வெட்டித் துளிர்க்க வைக்கும் முறையில் மீட்டவர் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. பேரே 'மரம்', பாருங்க! 1933இல் இறந்தவர்; கல்லறை டாப்ஸ்லிப்பிலேயே இருக்கிறது. அங்கே போனால் கீழே கிடக்கும் இளந்தேக்கிலை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் கசக்கிப் பாருங்கள். மருதாணி வைத்த மாதிரி சிவந்துவிடும்.

இன்றைக்கும் எங்க ஊர் மரப்பட்டறையில் யாரும் 'டீக்' என்று சொல்வதில்லை. கண்ணாடி போட்ட ஷோரூமில்தான் அந்தப் பேச்சு. ஆசாரிக்குத் தேக்கா என்பதை விட வைரமா வெள்ளையா என்பதுதான் கேள்வி. நடுவில் இருக்கும் பழுப்பு வைரம் எண்ணெய்ப் பசையோடு இருக்கும், இழைத்தால் தோல் வாசம் அடிக்கும், கறையான் சீக்கிரம் அண்டாது. ஓரத்து வெள்ளை அப்படியில்லை. வாசல் நிலைக்கு மரம் எடுக்கிறீர்கள் என்றால், பாலிஷ் போடும் முன்பே போய் வெள்ளை எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாலிஷ் ஏறினால் இரண்டும் ஒரே நிறம்தான்.