குதிகால் வலியோடு கோவா போகலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்தது) போட்டிக்குப் பணம் கட்டிவிட்டேன். இன்னும் 14 வாரங்கள் இருக்கின்றன. இரண்டு மாதமாக இடது குதிகாலுக்கு மேலே வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடி நொண்டித்தான் நடக்கிறேன், அப்புறம் சரியாகிவிடுகிறது. ஓடினால் மறுநாள் இன்னும் மோசம். தடவிப் பார்த்தால் அந்த இடம் தடித்திருக்கிறது. வேலை, இரண்டு பிள்ளைகள், ஊரில் தனியாக அம்மா என்று இருப்பதால் வாரத்தில் ஆறேழு மணி நேரத்துக்கு மேல் பயிற்சிக்குக் கிடைக்காது. ஒரு டாக்டர் மூன்று மாதம் ஓடவே கூடாது என்கிறார். ஜிம் நண்பர் ஒரு ஊசி போட்டால் போதும் என்கிறார். வலி தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். மற்றபடி மருந்து எதுவும் இல்லை. அப்பாவுக்கு 49 வயதில் மாரடைப்பு வந்தது. இந்தக் காலோடு போட்டியை முடிக்க முடியுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முடிக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் இரண்டு விஷயங்களை எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவற்றைப் பேசிவிடுவோம். எனக்குக் குதிகாலைவிட அவைதான் பெரிதாகத் தெரிகின்றன.

அப்பாவுக்கு 49 வயதில் மாரடைப்பு. உங்களுக்குக் குதிகாலுக்கு மேலே தடிப்பு. இரண்டுக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். ஓடுகிறவர்களின் குதிகால் வலியில் பெரும்பாலும் தொடர்பு இருக்காது. ஆனால் பிறவியிலேயே கொலஸ்ட்ரால் அதிகமாக இருக்கும் பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு. அதில் கொழுப்பு குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணிலேயே படிந்து அதைத் தடிக்க வைக்கும். பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும். வலிக்காத வலது காலையும் இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். அதுவும் கயிறு மாதிரி பருத்திருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். பருக்கவில்லை என்றாலும் இந்த வாரமே கொலஸ்ட்ரால் பரிசோதனை, சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி. நான்கையும் பார்த்துவிடுங்கள். டிரெட்மில் பரிசோதனை வேண்டுமா என்பதை உங்களைப் பார்க்கும் இதய மருத்துவர் சொல்லட்டும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நடந்த மரணங்களையும் இதயம் திடீரென நின்றுபோன சம்பவங்களையும் ஒரு ஆய்வில் தொகுத்தார்கள். மொத்தம் 135. அதில் 90 நீச்சலில் நடந்தவை. பெரும்பாலானவர்கள் ஆண்கள், அதிலும் நாற்பதைத் தாண்டியவர்கள். கலந்துகொண்டவர்கள் பல லட்சம் பேர் என்பதால் ஆபத்து மிகச் சிறியதுதான். ஆனால் உங்கள் வயதும் அப்பாவின் கதையும் சேரும்போது இந்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. இதய மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம்.

அடுத்தது அந்த மாத்திரை. நம் ஊரில் வயிற்றுப்போக்கு என்று மருந்துக்கடையில் நின்றால் பெரும்பாலும் கையில் வருவது ஆஃப்லாக்சசின் கலந்த மாத்திரை. ஆஃப்லாக்சசின், சிப்ரோஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின் எல்லாம் ஒரே வகை. குதிகால் தசைநாணைப் பலவீனப்படுத்தி, சிலருக்கு அறுந்துபோகவும் வைக்கும் என்று 2008-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடும் எச்சரிக்கை கொடுத்த வகை. மாத்திரையை நிறுத்திச் சில மாதங்கள் ஆன பிறகும் பாதிப்பு வரலாம். பழைய அட்டை வீட்டில் கிடந்தால் பெயரைப் பாருங்கள். இந்த வகைதான் என்றால் உங்கள் வலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இனி எந்த டாக்டரிடம் போனாலும் குதிகால் விஷயத்தைச் சொல்லி, முடிந்தவரை வேறு மருந்து எழுதச் சொல்லுங்கள்.

சரி, காலுக்கு வருவோம். காலையில் முதல் பத்து அடி நொண்டல், நடக்க நடக்கத் தணிவது, ஓடிய மறுநாள் அதிகமாவது, குதிகால் எலும்புக்குச் சில சென்டிமீட்டர் மேலே தடிப்பு. இது அக்கிலிஸ் தசைநாண் பாதிப்பு என்று நேரில் பார்க்காமலே ஓரளவு சொல்லலாம். ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்று நாம் சொல்வது இதைத்தான். ஆனால் இது நரம்பு இல்லை, கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் நாண். ஓடும்போது உடம்பின் எடையைப் போல ஆறேழு மடங்கு பாரத்தை இது தாங்குகிறது. அந்தப் பாரத்தை நீங்கள் கூட்டிய வேகத்துக்கு நாணால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதன் இழைகளின் ஒழுங்கு கலைந்திருக்கிறது.

அதனால்தான் அந்த இரண்டு ஆலோசனைகளிலும் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று மாதம் சும்மா இருந்தால் வலி போகும், நாண் இன்னும் பலவீனமாகும். திரும்ப ஓடத் தொடங்கிய சில நாட்களில் வலி அதே இடத்தில் வந்து நிற்கும். ஸ்டீராய்டு ஊசி வலியைச் சில வாரங்களுக்கு அடக்கும், ஆனால் நாண் அறுந்துபோகும் ஆபத்தைக் கூட்டும். ஊசி வேண்டவே வேண்டாம்.

நாணுக்கு மருந்து பாரம்தான், அளவாகக் கொடுக்கும் பாரம். வீட்டு மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நில்லுங்கள். இரண்டு காலாலும் குதிகாலை உயர்த்துங்கள். வலது காலை எடுத்துவிட்டு, இடது காலில் மட்டும் பாரத்தை வைத்து, மனதுக்குள் நான்கு எண்ணும் நேரத்தில் மெதுவாகக் கீழே இறக்குங்கள். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி மூன்று சுற்று. காலையும் மாலையும், 12 வாரங்கள். சுலபமாகிவிட்டால் பிள்ளையின் ஸ்கூல் பையில் இரண்டு கிலோ வைத்து முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள், அப்புறம் நான்கு கிலோ. என்னிடம் வந்த ஒரு வங்கி ஊழியர் முதல் நாள் இடது காலில் மட்டும் நின்று குதிகாலை ஒன்பது தடவைதான் தூக்கினார். வலது காலில் 25. ஒன்பது இருபதுக்கு மேல் போனபோது, காலையில் நொண்டுவதையே மறந்துவிட்டேன் என்றார். நீங்களும் இன்றே எண்ணிக் குறித்து வையுங்கள். ஒன்று கவனியுங்கள்: வலி குதிகால் எலும்பின் மேலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, தரையில்தான் செய்ய வேண்டும். எனவே ஒரு முறையாவது பிசியோதெரபிஸ்டிடம் நேரில் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

எவ்வளவு ஓடலாம் என்பதை மறுநாள் காலையின் முதல் பத்து அடி சொல்லும். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று தினமும் எழுந்ததும் குறித்து வையுங்கள். ஓடும்போது மூன்று வரை பரவாயில்லை. மறுநாள் காலை முந்தைய நாளைவிடக் கூடினால், ஓடியது அதிகம் என்று அர்த்தம். அடுத்த தடவை பாதியாகக் குறைக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் ஓட வேண்டாம். அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று இருபது நிமிடம். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி கட்டாயம்.

‘இப்படி ஓடினால் எப்படி முடிப்பது’ என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீச்சல் 1.9 கி.மீ., சைக்கிள் 90 கி.மீ., ஓட்டம் 21.1 கி.மீ. மொத்தம் எட்டரை மணி நேரம் அவகாசம். நீச்சலுக்கு 55 நிமிடம், சைக்கிளுக்கு மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் 3 மணி 36 நிமிடம், உடை மாற்ற, சைக்கிள் எடுக்க, ஷூ மாட்ட 15 நிமிடம். மீதி 3 மணி 44 நிமிடம் இருக்கிறது. கிலோமீட்டருக்குப் பத்தரை நிமிடம்! வேகமாக நடந்தாலே கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம்தான் ஆகும். களைத்த காலோடு, கோவா வெயிலில் 21 கி.மீ. முழுக்க அந்த வேகத்தில் நடப்பது சிரமம்தான். ஆனால் நடுநடுவே மெல்ல ஓடினால் நேரம் கைக்குள் இருக்கும். நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனிக் கெடு உண்டு, போட்டி விதிகளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே உங்கள் ஆறேழு மணி நேரத்தில் பெரும்பங்கு சைக்கிளுக்குப் போகட்டும். அதில் நாணுக்கு விழும் பாரம் மிகக் குறைவு. சனிக்கிழமை விடியற்காலை ஈ.சி.ஆரில் இரண்டரை மணி நேரம், வாரநாளில் பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டு டிரெயினரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் கருவி) முக்கால் மணி நேரம் கடினமாக ஒரு தடவை. ஈ.சி.ஆர். சமதளம், கோவாவில் மேடுகள் உண்டு, எனவே 25 கி.மீ. வேகம் ஈ.சி.ஆரில் மூச்சு வாங்காமல் வர வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் குதிகால் கீழே இறங்கி நாணை இழுக்கும். சைக்கிள் கடையில் சரிசெய்துகொள்ளுங்கள். நீச்சல் வாரம் இரண்டு தடவை; குளத்துச் சுவரை வலது காலால் மட்டும் உதையுங்கள். போட்டிக்கு முன் துணையோடு சில தடவையாவது கடலில் நீந்திப் பாருங்கள். ஒரு வாரம் வேலை நெருக்கினால் ஓட்டத்தை விடலாம், படிக்கட்டுப் பயிற்சியையும் தூக்கத்தையும் விடாதீர்கள். அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனாலும் படிக்கட்டு இருக்குமே!

போட்டி நாளில் நிறையப் பேர் செய்யும் தவறு, காலையிலேயே டைக்ளோஃபினாக் அல்லது புரூஃபன் போட்டுக்கொள்வது. வெயிலில் நீர் வற்றும் உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேண்டாம். தாகத்துக்குக் குடியுங்கள், கணக்குக்காகக் குடிக்காதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததுதான் முக்கியக் காரணம். ஓட்டத்தில் முதல் கிலோமீட்டரிலிருந்தே மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. வலி வந்த பிறகு நடக்கத் தொடங்குவது தாமதம்.

போட்டிக்கு நான்கு வாரம் முன்பு, இடது காலால் 20 தடவை குதிகாலைத் தூக்க முடிகிறதா, 10 கி.மீ. நடந்தும் ஓடியும் முடித்த மறுநாள் காலை வலி கூடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் போங்கள். இல்லை என்றால் இந்த வருடம் நீச்சலும் சைக்கிளும் முடித்து ஷூவைக் கழற்றிவிடுங்கள், அல்லது ஓடுவதற்கு ஒரு நண்பரைச் சேர்த்து ரிலேயாகப் பங்கேற்க முடியுமா என்று கேளுங்கள். எப்போதாவது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல ‘டப்’ என்று சத்தம் கேட்டு, முன்பாதத்தில் ஊன்ற முடியாமல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், நாண் அறுந்திருக்கலாம். இடுப்பு மடிப்பிலோ, எலும்பின் ஒரே புள்ளியிலோ வலி வந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். அது எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் 190-க்கு மேல் இருந்தால் உங்களோடு நிறுத்தாமல் கூடப்பிறந்தவர்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும்.