சர்ச் ஸ்கூலும் வாசல் பலகையும்: கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இங்கிலாந்தில், சர்ச் ஆஃப் இங்கிலாந்து (இந்த நாட்டின் ஆங்கிலிக்கன் திருச்சபை) தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அங்கேயே கவர்னராகவும் இருக்கிறேன் (ராஜ்பவனை நினைக்காதீர்கள், பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினருக்குத்தான் இங்கே அந்தப் பெயர்). கத்தோலிக்கப் பள்ளிகளின் கதை வேறு, அதில் வாய் வைக்க மாட்டேன். கேள்வி கேட்ட பெற்றோரை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

ஹாரோ அம்மா: ஸ்கூல் வாசலில் பைபிள் வசனத்தோடு 'எங்கள் கிறிஸ்தவ விஷன்' என்று பெரிய பலகை. அதனால் என் மகனுக்கு என்ன கிடைக்கும்?

பலகையால் ஒன்றும் கிடைக்காது. எல்லா சர்ச் ஸ்கூலும் ஒரு விஷன், அதாவது பள்ளி எதற்காக இருக்கிறது என்று சொல்லும் லட்சிய வாசகம், எழுதி வைத்திருக்கும். 2016-ல் சர்ச் ஆஃப் இங்கிலாந்து கல்விக்கென்று ஒரு விஷன் ஆவணம் வெளியிட்டது. யோவான் 10:10, அதாவது பரிபூரண வாழ்வு பற்றிய வசனம்தான் அதற்கு அடிப்படை. ஞானம், எதிர்நோக்கு, சமூகம், கண்ணியம் என்று நாலு தூண். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அது எப்போது பிள்ளைக்கு உதவும் என்றால், ஏதாவது ஒரு முடிவை மாற்றும்போது.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய சீருடைகளை ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைத்திருந்தோம். வேண்டியவர்கள் வரிசையில் நின்று, பின்னால் நிற்பவர் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்க வேண்டும். ஒரு கூட்டத்தில் ஒருவர், 'கண்ணியம் என்று வாசலில் எழுதியிருக்கிறோமே, இது எந்தக் கண்ணியம்?' என்றார். யாருக்கும் பதில் வரவில்லை. இப்போது வெள்ளிக்கிழமை பள்ளி விடும் நேரத்தில் துணிகளை ஹேங்கரில் மாட்டி கேட் பக்கம் வைத்துவிடுகிறோம், யாரும் எடுக்கலாம், யாரும் கொண்டுவந்து மாட்டலாம், ஆசிரியர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு எடுக்கிறோம். என் வகுப்பில் ஒரு பையன், ஸ்வெட்டர் கை முழங்கை வரை ஏறிப்போனதால் கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருப்பான். அளவான ஸ்வெட்டர் வந்த பிறகு கேள்வி கேட்டால் கை தூக்குகிறான். பிள்ளை தழைப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

டூட்டிங்: நாங்கள் இந்துக்கள். மதம் மாற்றிவிடுவார்களா?

இல்லை. தினசரி வழிபாடு இங்கே சர்ச் ஸ்கூலுக்கு மட்டுமான சட்டம் இல்லை, எல்லா அரசுப் பள்ளிக்கும் உண்டு. வழிபாட்டிலிருந்தும் சமயப் பாடத்திலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது. எங்கள் காலை வழிபாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றும் முறை வந்தால், நெற்றியில் விபூதியோடு வருகிற பையனும்தான் ஏற்றுகிறான். ஜெபத்தில் சேர்வதும் சேராததும் அவன் விருப்பம்.

ஈஸ்ட்ஹாம்: ஞானஸ்நானம் எடுத்தால் இடம் உறுதியா?

முதலில் அது எந்த வகை சர்ச் பள்ளி, வாலண்டரி எய்டடா, வாலண்டரி கண்ட்ரோல்டா என்று பாருங்கள். கண்ட்ரோல்ட் என்றால் சேர்க்கை கவுன்சில் (உள்ளாட்சி) கையில், பல இடங்களில் மதமே கேட்க மாட்டார்கள். எய்டட் என்றால் கவர்னர்கள் விதி வகுப்பார்கள். அதிலும் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால்தான் மதத்தைப் பார்க்கலாம். அந்தந்தப் பள்ளியின் சேர்க்கை விதியைப் படியுங்கள். தொடக்கப் பள்ளிக்குக் கடைசி நாள் ஜனவரி 15, செகண்டரிக்கு அக்டோபர் 31.

குரோய்டன்: ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தால் போதுமா?

மேலே பார்க்கவும். சேர்க்கை விதியைப் படியுங்கள்.

லெஸ்டர்: விஷன் எல்லாம் பூச்சு. சர்ச்சுக்குப் போகிற வசதியான குடும்பங்களைப் பொறுக்கி எடுத்தால் ரிசல்ட் தானாக வரும். அதுவும் என் வரிப்பணத்தில்!

பாதி ஒத்துக்கொள்கிறேன். கூட்டம் மோதுகிற சில நகரப் பள்ளிகளில் நீங்கள் சொல்வது நடக்கிறது, அங்கே தேர்வு மதிப்பெண்ணை விஷன் கணக்கில் எழுதினால் நானே சிரிப்பேன். வரிப்பணமும் உண்மை: சம்பளம் அரசு தருகிறது, எய்டட் பள்ளியில்கூடக் கட்டட வேலையில் சுமார் 10 சதவீதம்தான் கவர்னர்கள் தலையில். ஆனால் வரலாற்றையும் பாருங்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த சர்ச் 1811-லேயே நேஷனல் சொசைட்டியைத் தொடங்கிவிட்டது. ஊர் ஊராக அரசுப் பள்ளி கட்ட வழி செய்த சட்டம் 1870-ல்தான் வந்தது. இன்று நாலாயிரத்துக்கும் மேல் சர்ச் பள்ளிகள், பெரும்பாலும் தொடக்கப் பள்ளிகள், பலவும் கிராமத்துக்கு ஒரே பள்ளி. அங்கே யாரைப் பொறுக்கி எடுப்பது? இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள்.

லெஸ்டர், மறுபடியும்: சரி, விஷன் வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பது? நீங்களேதானே!

இது குத்துகிறது. பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் தவிர, சர்ச் பள்ளிகளுக்கு சயம்ஸ் என்று தனி ஆய்வு உண்டு, சட்டப்படி கட்டாயம், ஆனால் நடத்துவது சர்ச் தரப்பு. 2023 செப்டம்பரிலிருந்து அதில் ஒற்றைச் சொல் கிரேடு கிடையாது. விஷனால் பிள்ளைகளும் பெரியவர்களும் எப்படித் தழைக்கிறார்கள் என்று துருவிக் கேட்கிறார்கள். வீட்டு ஆளே வீட்டைப் பார்ப்பது போலத்தான் என்றால் மறுக்க மாட்டேன். அதனால் நான் பெற்றோரிடம் சொல்வது: ஹெட் டீச்சரிடம், 'இந்த விஷன் இருப்பதால் நீங்கள் செய்யாமல் விட்டது என்ன?' என்று கேளுங்கள். வெளியே அனுப்பியிருக்க வேண்டிய ஒரு பிள்ளையை எப்படி வைத்துச் சமாளித்தோம், அதற்கு எந்தச் செலவைக் குறைத்தோம் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னால் நம்பலாம். வசனத்தையே திருப்பிச் சொன்னால் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

சர்பிட்டன்: நன்கொடை கொடுத்தால் சுலபமா?

இடத்துக்காகப் பணம் கேட்பதோ வாங்குவதோ சேர்க்கை விதித்தொகுப்பின்படி கூடாது.

வெம்ப்ளி: அக்கா, ஞானஸ்நானம் எடுத்தால்...

தம்பி, மூன்றாவது தடவை. விதியைப் படியுங்கள். இடத்துக்காக மட்டும் சர்ச்சுக்குப் போகாதீர்கள் என்று ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன், பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் வகுப்பில் ஒரு குட்டி, 'லெட்டர் வர்றவரைக்கும்தான் நாங்க சர்ச்சுக்குப் போனோம்' என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். பாதிரியார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

இல்ஃபோர்ட்: ஓப்பன் டேயில் எதைப் பார்க்க வேண்டும்?

ஓப்பன் டேயை விடுங்கள். ஆபீசுக்குப் போன் செய்து சாதாரண நாள் ஒன்றில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரலாமா என்று கேளுங்கள். தட்டை ஏந்திக்கொண்டு உட்கார இடம் தேடி நிற்கிற புதுப் பிள்ளையைக் கவனியுங்கள், யாராவது நகர்ந்து இடம் கொடுக்கிறார்களா என்று.