வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையைக் குறுக்கும் கருவி எப்படி வேலை செய்கிறது?

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கொல்லர்கள், மரச் சக்கரத்தில் தளர்ந்துபோன இரும்புப் பட்டையை வெட்டாமலும் ஒட்டாமலும் சிறிதாக்கப் பயன்படுத்திய நெம்புகோல் பொறி இது. வறண்ட காலத்தில் மரம் ஈரமிழந்து சுருங்கும். இரும்பு அப்படிச் சுருங்காததால் பட்டை ஆட்டங்காணும். பட்டையின் ஒரு பகுதியைப் பழுக்கக் காய்ச்சி, அதன் இருபுறத்தையும் பல்வைத்த கவ்விகளில் பிடித்து, நீண்ட கைப்பிடியை இழுத்தால், கவ்விகள் ஒன்றையொன்று நெருங்க, இளகிய இரும்பு இருமுனையிலும் அழுத்தப்பட்ட களிமண் திரியைப் போலத் தடித்துக் குறுகும். வெட்டிப் பற்றவைத்த இடம் பின்னாளில் விட்டுப்போகும் அச்சம் இதில் இல்லை என்பதே, என் பார்வையில், இதன் பெரிய நன்மை. பிறகு முழுப் பட்டையையும் காய்ச்சி, விரிந்த நிலையில் மரச் சக்கரத்தின் வெளி விளிம்பான வட்டையின்மேல் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். காய்ச்சிக் குளிரவைத்தாலே பட்டை சிறுத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். குளிர்ந்த இரும்பு ஏறத்தாழப் பழைய அளவுக்கே திரும்புமாதலால், தளர்ந்த பட்டையை முதலில் இக்கருவியிலோ, வெட்டி ஒட்டியோ குறுக்கியே ஆக வேண்டும்.