குளிரா, வெயிலா? தோட்டம் கேள்வி பதில்

பிள்ளைகள் அங்கே, கவலை இங்கே. இந்த முறை நம் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் குளிர் நாட்டுத் தோட்டக் கேள்விகள்தான் நிறைய. அதனால் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மகள் மினியாபோலிஸில் இருக்கிறாள். ஆல்ப்ஸ் மலைச் செடி என்று ஆசையாக இரண்டு வாங்கி வைத்தாள், ஒன்று ரோடோடென்ட்ரான் ஃபெருகினியம், இன்னொன்று டாஃப்னி நியோரம். லேபிளில் ‘மண்டலம் 4’ என்று போட்டிருக்கிறது, அவள் ஊருக்குத் தாங்கும் என்றார்கள். இந்த வருடம் பனி குறைவு. மார்ச்சில் பார்த்தால் இலையெல்லாம் பழுப்பு. பிடுங்கிப் போடவா என்று கேட்கிறாள். (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: ஆச்சி, முதலில் மகளைக் கத்தரிக்கோலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கிளையை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டினால் தோலுக்கு அடியில் பச்சை தெரிகிறதா என்று பார்க்கட்டும். தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, தரையை ஒட்டிச் சுரண்டிப் பார்க்கட்டும். ஜூன் பாதி வரைக்கும் எதையும் வெட்ட வேண்டாம், இந்த மாதிரிச் செடிகள் அடியிலிருந்து தாமதமாகத் துளிர்ப்பது சகஜம்.

இப்போது அந்த லேபிளுக்கு வருவோம். அமெரிக்க வேளாண் துறையின் மண்டல வரைபடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறது: ஒவ்வொரு குளிர்காலத்திலும் தெர்மாமீட்டர் எவ்வளவு கீழே போனது, அதன் பல வருடச் சராசரி என்ன. மண்டலம் 4 என்றால் மைனஸ் 34-லிருந்து மைனஸ் 29 டிகிரி செல்சியஸ் வரை. பனி எவ்வளவு விழுந்தது, எத்தனை நாள் கிடந்தது, காற்று எப்படி, மண்ணில் தண்ணீர் தேங்குமா, இதெல்லாம் அதில் கிடையாது. மலைச் செடிக்கோ இவைதான் உயிர்நாடி.

ஃபெருகினியம் ஆல்ப்ஸில் எங்கே வளர்கிறது என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மரங்கள் முடிகிற உயரத்தை ஒட்டி, குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கிற சரிவுகளில். இலவம்பஞ்சு மெத்தைக்குள் காற்று அடைபட்டிருப்பது போல புதுப் பனிக்குள்ளும் காற்று அடைபட்டிருக்கும். அரை மீட்டர் பனி இருந்தால், வெளியே மைனஸ் 25 என்றாலும் தரையை ஒட்டிப் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேதான் இருக்கும். பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற கிளை மட்டும் மலையிலேயே கருகிப் போகும். அதே மலையில், காற்று பனியையெல்லாம் அடித்துக்கொண்டு போகிற மொட்டை முகட்டில் கால்மியா புரொகம்பென்ஸ் என்ற குட்டிச் செடி பாய் விரித்த மாதிரிப் படர்ந்து, குளிர்காலம் முழுவதையும் வெட்டவெளியில் கழிக்கும். இரண்டும் ஆல்ப்ஸ் செடிதான், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று பிழைப்பது கஷ்டம்.

மகள் வீட்டில் என்ன நடந்திருக்கும்? பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் வெயில் சுள்ளென்று அடிக்கும். இலை சூடாகித் தண்ணீரை விடும், ஆனால் வேர் இருக்கிற மண் இன்னும் கல்லாக உறைந்து கிடக்கும், ஒரு சொட்டு உறிஞ்ச முடியாது. அந்தச் செடி குளிரில் சாகவில்லை, தாகத்தில் வாடியது. தென்மேற்குப் பக்கத்து இலைகள் அதிகமாகவும் தரையோடு கிடக்கிற கிளைகள் குறைவாகவும் கருகியிருந்தால் இதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வருடத்துக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் முடிந்ததும் அங்கே மரங்களைத் தெருவில் போடுவார்கள், அந்தக் கிளைகளை வெட்டிச் செடிமேல் கூரையாகச் சாய்த்து வைக்கட்டும். வெயிலையும் காற்றையும் தடுக்கும், விழுகிற கொஞ்சப் பனியையும் பிடித்து வைக்கும். நடைபாதையில் அள்ளிய பனியை மேலே கொட்டலாம், உப்புத் தூவிய பனி மட்டும் கூடவே கூடாது. ஜூலைக்கு அப்புறம் யூரியா மாதிரி தழைச்சத்து உரம் வேண்டாம். பகல் குறையக் குறையச் செடி தானாகவே வளர்ச்சியை நிறுத்திக் குளிருக்குத் தயாராகும், அந்த நேரத்தில் உரம் போட்டால் இளந்தளிர் விட்டு முதல் உறைபனியிலேயே கருகும். மண் உறைவதற்கு முன் அக்டோபரில் ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஃபெருகினியத்துக்குப் புளிப்பு மண், அதாவது அமில மண் வேண்டும், டாஃப்னி நியோரம் சுண்ணாம்பு மண்ணிலும் நன்றாக வரும். இரண்டையும் ஒரே பாத்தியில் வைத்திருந்தால் பிரித்துவிடுவது நல்லது. பிரிக்கும்போது ஃபெருகினியத்தை நகர்த்தட்டும், டாஃப்னி வேரைத் தொட்டால் பொறுக்காது. டாஃப்னி முழுக்க விஷம் என்பதையும் சொல்லிவிடுங்கள், பேரப்பிள்ளைகள் வாயில் வைத்துவிடப் போகிறார்கள்.

கேள்வி: டொராண்டோவில் மகன் வீட்டு பால்கனித் தொட்டியில் இதே மாதிரிச் செடி வைக்கலாமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: வேண்டாம் ஐயா. தண்டு தாங்குகிற குளிரை வேர் தாங்காது. தரையில் இருந்தால் பூமியின் சூடு வேரைக் காப்பாற்றும், தொட்டியிலோ நாலு பக்கமும் குளிர்க்காற்று. கட்டாயம் தொட்டிதான் என்றால் ஊர் மண்டலத்தைவிட இரண்டு மண்டலம் அதிகக் குளிர் தாங்குகிற செடியாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் சிவப்பாகப் பூக்கிற ரோடோடென்ட்ரான் மரத்தின் விதையை எடின்பரோவில் இருக்கிற தம்பிக்குக் கொண்டுபோகலாமா? அங்கே குளிர் அதிகமாயிற்றே. (வாசகி, காரைக்குடி)

பதில்: காட்டில் விதை பறிக்கவும் கூடாது, தாவர சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகவும் கூடாது. நம் மரம் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனியைப் பார்த்த மரம்தான், ஆனால் காலையில் வெயில் வந்ததும் அது உருகிவிடும், நாள் கணக்கில் உறைந்து கிடந்து பழக்கமில்லை. இதன் இமயமலை உறவான ரோடோடென்ட்ரான் ஆர்போரியம் ஸ்காட்லாந்துத் தோட்டங்களில் ஏறக்குறைய இருநூறு வருடமாக இருக்கிறது. தம்பி அங்கே நர்சரியில் அதை வாங்கட்டும்.

அவர் ஊரில் குளிர் பெரிய எதிரி இல்லை, ஈரம்தான் எதிரி. உயர்மலைக் குட்டிச் செடிகள் பனிக்குள் காய்ந்தாற்போல் தூங்கிப் பழகியவை, குளிர்காலம் முழுக்க நசநசவென்று மழை பெய்தால் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேருகிற இடம், அழுகிப் போகும். அதற்குத்தான் அங்கே பாத்தியை உயர்த்தி, பாதிக்குப் பாதி சரளை கலந்து, செடியின் கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் உயரத்துக்குச் சிறு கற்களைப் பரப்புகிறார்கள். அரிதான வகைகளைச் சூடேற்றாத கண்ணாடி வீட்டில் வைப்பார்கள். கண்ணாடி மழையைத் தடுக்கத்தான், குளிரைத் தடுக்க அல்ல.

கேள்வி: எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு முற்றத்தில் எப்போதும் நிழல், கல் தரை ஜில்லென்று இருக்கும். அங்கே ஒரு ஆல்ப்ஸ் செடி? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: வராது. அந்தச் செடிக்கு மாதக்கணக்கில் குளிர் கிடைத்தால்தான் மொட்டு உறக்கம் கலைந்து சரியாக விரியும். நம் மே மாத இரவுச் சூட்டில், பகலில் சேர்த்த சத்தையெல்லாம் மூச்சு விட்டே தீர்த்துவிடும். ஏசி அறையில் வைத்தாலும் வெளிச்சம் போதாது. முற்றத்தில் வெயில் விழுகிற ஓரம் ஏதாவது இருந்தால் அடினியம் வையுங்கள். சரளை நிறையக் கலந்த மண், அடியில் பெரிய ஓட்டை உள்ள தொட்டி, ஐப்பசி மழையில் மட்டும் தாழ்வாரத்துக்குள் தள்ளி வைத்துவிட வேண்டும்.